வாடகைப் பனி

ஏழு மணிக்கு என்றார்கள், ஏழு ஆறுக்கு வந்தது.
செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை வண்டிக்குப் பக்கத்தில்
ஒரே போனுக்கு ஐந்து தலை.
நவாஸின் போன், மூலையில் விரிசல்.
அந்த விரிசலுக்குள்தான்
சேர்வராயன் மலை எங்களுக்குத் திறந்தது.

வெள்ளைக்கல் குழு
இரண்டு வருஷம் கழித்துப் போடும் பாட்டு.
கொண்டை ஊசி வளைவில் டிரம்ஸ்,
காப்பிச் செடிகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபையர்,
அதன் வயர் எங்கேயும் போகவில்லை.
இருதயராஜ் வெறுங்காலோடு வருகிறான்.
பின்னால் பனி,
கல்யாணப் பந்தலில் புதுத்துணி கட்டியது போல
சுருக்கம் இல்லாமல்.

முதல் நிமிஷம் யாரும் மெல்லவில்லை.

நவாஸ்தான் ஆரம்பித்தான்.
"டிரம்ஸ்ல ஆளே இல்லடா, கம்ப்யூட்டர் தட்டுது.
பாத்ரூம் டைல்ஸ் மாதிரி பாட்டு. கால் வச்சா வழுக்குது."
ஜெனிட்டா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.
"அழகா இருந்தா உனக்கு ஆகாதே.
நம்ம ஊருன்னா எப்பப் பாரு இரும்பாலை, மாம்பழம்.
இப்படி யாரு காட்டியிருக்கா?"
பீட்ரூட் துருவிய கையோடு வண்டிக்கார அக்கா எட்டிப் பார்த்து
"பையன் இளைச்சிட்டானே" என்றார்.
அவர் சொன்னது மட்டும் எல்லாருக்கும் சம்மதமாக இருந்தது.

அதுவரை பேசாத பொன்னரசு,
லோடு வண்டி ஓட்டுகிறவன்,
சட்னி வழியும் விரலை நக்கியபடி சொன்னான்:
"அது பனி இல்லப்பா. மெஷினு.
நாந்தான் ஏத்திட்டுப் போனேன்.
ஒரு நாள் வாடகை நாலாயிரம்.
பன்னெண்டாவது வளைவுல வண்டிக்கே மூச்சு வாங்கிடுச்சு."

சித்திரை மாதத்தில்
ஏற்காட்டுக்குக் கீழேயிருந்து
டாட்டா ஏஸில் போயிருக்கிறது பனி.

சிரித்தோம். புரையேறிச் சிரித்தோம்.
ஜெனிட்டா சிரிக்கவில்லை.
"மார்கழில போனா சும்மா கிடைச்சிருக்குமே" என்றேன்.
"மார்கழில ரூம் வாடகை உங்கப்பாவா குடுப்பாரு?"

எங்களிடம் பழைய பாட்டு ஒன்று இருக்கிறது.
லீ பஜாரில் இழுத்து மூடிய ஷட்டருக்குள்
போனில் பதிந்தது.
மூன்றாம் நிமிஷத்தில் கரண்ட் போய்விடும்.
கிதார் செத்து, டிரம்ஸ் மட்டும் நாலு அடி நடந்து,
"டேய், யாராவது போய்ப் பாருங்கடா" என்று ஒரு குரல்.
ஜெனரேட்டர் உறுமும், பாட்டு எழுந்துகொள்ளும்.
அதை அவர்கள் வெட்டவில்லை.
அழகாபுரம் மண்டபக் கச்சேரியில்
அந்த இடம் வந்ததும் முந்நூறு பேர் கத்தினோம்:
டேய், யாராவது போய்ப் பாருங்கடா.
மேடையில் இருதயராஜ் முகத்தை மூடிக்கொண்டான்,
வெட்கமா வேறேதுமா தெரியாது.

புதுசில் கரண்ட் போகவே இல்லை.
நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி
வெளிச்சம் வெளிச்சம்.

ராத்திரி தம்பி தூங்கிய பிறகு
சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தேன்.
பதினோராவது தடவை என்று நினைக்கிறேன்.
பிடிக்கவில்லை என்று ஒன்றுக்கு
இவ்வளவு நேரம் யார் செலவழிப்பார்கள்?
இரண்டு நாற்பதில் அவன் இடது கை பெரிதாக வருகிறது.
சுண்டுவிரல் எட்டிப்போய்க் கோணலாக நிற்கிறது.
எனக்கு மூன்று கார்டுதான் தெரியும்,
மூன்றும் அந்த ஷட்டர் பாட்டிலிருந்து கற்றது.
இது அதில் ஒன்று.
புதுப் பாட்டில் இந்தக் கார்டே கிடையாது.
விரல் நகர்ந்து அடுத்ததற்குப் போகிறது,
அதுவும் பழசு.
உதடு ஒன்றைப் பாட
விரல் இன்னொன்றை வாசித்துக்கொண்டிருக்கிறது,
வாடகைப் பனிக்குள் நின்று.

மறுநாள் சொன்னேன்.
"எடிட்டிங் தப்பு" என்றான் நவாஸ்,
ஆனால் போனை வாங்கி இரண்டு முறை பார்த்தான்.
"விரல் எங்க இருந்தா என்ன" என்றாள் ஜெனிட்டா.
பொன்னரசிடம் கேட்டேன்:
நீ அங்கேதானே இருந்தாய்,
மலையில் அன்றைக்கு என்ன வாசித்தார்கள்?

யோசித்தான். தட்டைத் தொட்டியில் போட்டான்.
"மெஷின் சத்தத்துல
ஒண்ணுமே கேக்கலப்பா."